வானத்தில் வெந்த பருப்பு

தருமபுரி மாவட்டத்துக்கு விமான நிலையம் கிடையாது. விமானப்படைத் தளமும் கிடையாது. எங்களுக்கும் விமானத்துக்கும் உள்ள உறவெல்லாம் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. கேழ்வரகுக் கொல்லையில் களை எடுக்கிறவர் சத்தம் கேட்டு நிமிர்வார். நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பார். அது பாட்டுக்கு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு பெங்களூரு பக்கம் போகும். இவர் மறுபடி குனிந்துகொள்வார். எங்கள் வான்படை வரலாறு இவ்வளவுதான் என்று நீங்கள் நினைத்தால், உங்கள் வீட்டில் ஸ்கேல் இல்லை என்று அர்த்தம்.

பிள்ளைகளின் ஸ்கேலையும் அட்லஸையும் எடுங்கள். பெங்களூருவில் ஒரு புள்ளி, யாழ்ப்பாணத்தில் ஒரு புள்ளி வைத்து நேர்க்கோடு இழுங்கள். கோடு ஓசூரில் நுழையும், தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவே ஓடும், அரூர் பக்கமாக வெளியேறும். 1987-ல் ஓசூரும் கிருஷ்ணகிரியும் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தன. பாகப்பிரிவினை ஆனது 2004-ல். அந்த 1987-ம் வருஷம் ஜூன் 4-ம் தேதி, இந்திய விமானப்படையின் ஐந்து சரக்கு விமானங்கள் பெங்களூருவிலிருந்து கிளம்பிப்போய் யாழ்ப்பாணத்தில் பருப்பு மூட்டை போட்டுவிட்டு வந்தன. விமானங்கள் ஸ்கேல் வைத்துப் பறப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஊர்ப்பெருமை பேச ஸ்கேல் தாராளமாகப் போதும்.

பருப்புக்கு வருவதற்குமுன் ஒரு பந்தியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். உலக வரலாறு என்பது சண்டை போட்டவர்களின் ஆல்பம். வாளோடு ஒருவன், குதிரையோடு ஒருவன், ஜெட் விமானத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவன். அவர்களுக்குச் சோறும் தண்ணியும் பெட்ரோலும் சுமந்துபோனவன் எந்தப் படத்திலும் இருக்கமாட்டான். கல்யாண ஆல்பத்தில் சமையல்காரர் இல்லாத மாதிரிதான். அவர் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது பந்தியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

நெல்லிக்கனி டேங்கர்

சங்க காலத்தில் எங்கள் ஊருக்குத் தகடூர் என்று பெயர். ராஜா, அதியமான் நெடுமான் அஞ்சி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். (கடை என்றால் இங்கே கடைசி. ஏழு பேரும் கூட்டாக மளிகைக்கடை வைத்திருந்ததாகத்தான் நான் மூன்றாம் வகுப்பு வரை நம்பியிருந்தேன்.)

அது சாப்பாட்டு விஷயத்தில் கை தேர்ந்த குடும்பம். இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததே அதியமானின் முன்னோர்தான் என்று ஔவையார் புறநானூற்றில் சொல்கிறார். எங்கிருந்து, எந்த வண்டியில், என்ன வாடகைக்கு என்பதையெல்லாம் அவர் எழுதவில்லை. சரக்கு ஏற்றி இறக்கும் விவகாரம் என்றால் புலவர்களுக்கு அன்றைக்கே அலட்சியம்.

அடுத்தது நெல்லிக்கனி. ஏற முடியாத மலைப்பிளவில் விளைந்தது. தின்றால் நெடுங்காலம் வாழலாம் என்பது நம்பிக்கை. அதியமான் அதைக் கஷ்டப்பட்டு எடுத்துவந்தான். அரண்மனையில் ஒருவரிடமும் அதன் மகிமையைச் சொல்லாமல் ஔவையார் கையில் கொடுத்தான். அவரும் சாப்பிட்டுவிட்டார். விமானப்படைக்காரர்கள் பாஷையில் சொன்னால், டேங்கில் இருந்த கடைசிச் சொட்டையும் இன்னொரு விமானத்துக்கு ஊற்றிவிட்டு, தான் எப்படி வீடு திரும்புவது என்று யோசிக்காமல் நின்ற டேங்கர் அவன்.

ஒரு தடவை அவனுக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் முறுகல். ஔவையார் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினான். ஒவ்வொரு வேலும் நெய் பூசி, மயிற்பீலி கட்டி, மாலை போட்டுப் பளபளவென்று இருந்தது. ஔவையார் பார்த்தார். உன் வேலெல்லாம் இப்படி ஜோராக இருக்கிறது, எங்கள் ஆள் வேலெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று சலித்துக்கொள்கிற மாதிரி ஒரு போடு போட்டார். இதுவரைக்கும் எல்லாப் பட்டிமன்றத்திலும் சொல்வார்கள். அதே பாட்டில் ஔவை சேர்த்துச் சொன்ன இன்னொன்றை வேகமாகக் கடந்துவிடுவார்கள்: இருந்தால் எல்லோருக்கும் சோறு போடுவான், இல்லாவிட்டால் இருப்பதைப் பகிர்ந்து கூடவே உட்கார்ந்து சாப்பிடுவான். அதாவது, வேலைப் பற்றிய பாட்டிலேயே சோற்றையும் வைத்துவிட்டார் பாட்டி. ராணுவம் என்றால் ஆயுதம் பாதி, அடுப்பு பாதி என்று எங்கள் ஊரில் அப்போதே தெரிந்திருக்கிறது.

தொண்டைமான் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. எங்கள் எல்லை தாண்டிப் பக்கத்திலேயே, பெங்களூருவின் எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கிறது. ஒவ்வொரு போர் விமானமும் நெய் பூசி மயிற்பீலி கட்டாத குறைதான்.

கடைசியில் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்தான், தகடூர் விழுந்தது. அந்தச் சண்டையைப் பாடிய தகடூர் யாத்திரையும் நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. கொடுத்தவன் போய்ச் சேர்ந்தான், சாப்பிட்டவர் பாட்டு எழுதினார். நம் கதைக்கான முதல் பாடம் இதுதான்: சோறு போட்டவன் பெயர் நிலைக்க வேண்டுமென்றால், போடுகிற சோற்றைப் புலவருக்குப் போட வேண்டும்.

மாடு செத்தால் பீரங்கியும் சாகும்

இரண்டாவது பாடம் 1791-ல் வந்தது. சொல்லிக்கொடுத்தவர் கார்ன்வாலிஸ் பிரபு. பத்து வருஷம் முன்னால் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் படையோடு சரணடைந்தவர். அந்தத் தோல்விக்காக அவருக்குக் கிடைத்த தண்டனை, இந்தியாவில் கவர்னர் ஜெனரல் பதவி. அரசு வேலையில் இதெல்லாம் சகஜம்.

மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் பெரிய பீரங்கிகளை இழுத்துக்கொண்டு, மைசூர் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போனார். அரக்கெரேயில் திப்புவின் படையோடு மோதி ஜெயிக்கவும் செய்தார். ஜெயித்த கையோடு கோட்டையைப் பிடிப்பார் என்று பார்த்தால், பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். காரணம் திப்பு அல்ல, மாடு. மழை பிடித்துக்கொண்டது, தீவனம் இல்லை, இழுவை மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. அரிசியும் தீர்ந்தது. மாடு செத்தால் பீரங்கி வெறும் இரும்புத் தூண். திரும்புகிற வழியில் கூட்டாளிகளான மராட்டியரின் படை எதிர்ப்பட்டது. அவர்கள் கூடவே ஒரு சந்தையையே ஓட்டிவந்திருந்தார்கள். பசித்த வெள்ளைக்காரப் பட்டாளம் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கித் தின்றது. நெடுஞ்சாலை மோட்டலில் பஸ்ஸை நிறுத்தினால் நாம் எப்படித் தின்போமோ அப்படி.

அடிபட்டவருக்குப் புத்தி வந்தது. அடுத்த சுற்றுக்கு லம்பாடிகளைப் பிடித்தார். பொதிமாட்டு முதுகில் தானியம் ஏற்றி, குடும்பத்தோடு நாடு முழுக்க நடக்கிற வணிகக் கூட்டம் அது. வண்டி வேண்டாம், ரோடு வேண்டாம். மாடு வழியிலேயே மேய்ந்துகொள்ளும். எரிபொருள் தரையில் முளைத்திருக்கும். காசு கொடுப்பது எந்தப் படை என்றும் அவர்கள் அதிகம் துருவிக் கேட்பதில்லை. இன்றைய சரக்கு விமானங்கள் எட்ட முடியாத லட்சியம் இது. லம்பாடி மூட்டை வந்து சேர்ந்தது, 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகை, மார்ச்சில் ஒப்பந்தம். திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுத்தார். அதில் ஒரு துண்டு, பாராமகால். அதாவது நாங்கள்.

வரி வசூலிக்க அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். மன்றோ தருமபுரியில் வீடு கட்டித் தோட்டம் போட்டு ஏழு வருஷம் இருந்தார். பிற்பாடு சென்னை மாகாணத்துக்கே கவர்னரானார். இன்றைக்கும் சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறார். லம்பாடிகளின் வாரிசுகள் அரூர் பக்கம் சித்தேரி, சிட்லிங்கி மலையடிவாரத்துத் தண்டாக்களில் கண்ணாடி வைத்துத் துணி தைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதிமாட்டுக்குச் சிலை எங்கும் கிடையாது. அந்த மாடு புலவர் எவருக்கும் சோறு போட்டிருக்காது.

பரிசலில் படித்த பாடம்

இனி ஆகாயம். டேங்கர் என்றால் எங்கள் ஊரில் தண்ணி லாரி. காவிரி ஓடுகிற மாவட்டம் என்றுதான் பெயர். ஆனால் கோடையில் குடத்தை வரிசையில் வைத்து, டேங்கர் எப்போது வரும் என்று சாலையைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்து சேர்கிறவரை அதுதான் நிலைமை. ஆகவே டேங்கரின் அருமையை எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். எங்கள் டேங்கர் நின்றுதான் ஊற்றும். விமானப்படை டேங்கர் ஓடிக்கொண்டே ஊற்றும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த யோசனை முதலில் உதித்தது அறிவியல் மேதைக்கு அல்ல, சர்க்கஸ்காரருக்கு. 1921-ல் கலிஃபோர்னியாவில் வெஸ்லி மே என்பவர் ஐந்து கேலன் பெட்ரோல் டின்னை முதுகில் கட்டிக்கொண்டு, பறக்கிற ஒரு விமானத்தின் இறக்கையிலிருந்து இன்னொன்றின் இறக்கைக்குத் தாவி, மூடியைத் திறந்து ஊற்றினார். பைக் பெட்ரோல் தீர்ந்தால் நாம் பாட்டிலோடு நடப்போமே, அதையே அவர் ஆகாயத்தில் செய்தார்.

1923 ஜூன் 27-ல் சான் டியாகோவில் அமெரிக்க ராணுவம் கொஞ்சம் கௌரவமாகச் செய்தது. மேலே ஒரு விமானம் குழாயைத் தொங்கவிட, கீழே பறந்த விமானத்தில் இருந்தவர் அதைக் கையால் எட்டிப் பிடித்து டேங்கில் சொருகினார். 1929 ஜனவரியில் கேள்விக்குறி என்றே பெயர் வைத்த ஒரு விமானம் இப்படியே வாங்கிக் குடித்து 150 மணி நேரம் தரையிறங்காமல் சுற்றியது. பெட்ரோலோடு சாப்பாடும் கயிற்றில் இறங்கியது. மேலே இருந்து சோறு வருகிற சுகம் கண்டவன் கீழே இறங்குவானா? என்ஜின் மக்கர் பண்ணியதால்தான் இறங்கினார்கள்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1934 செப்டம்பரில் ஆலன் காபம் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்திலிருந்து ஒரே மூச்சில் இந்தியா வந்துவிடுவது என்று கிளம்பினார். இறங்க நினைத்த இடம் கராச்சி. அன்றைக்கு அது இந்தியா. வழியெல்லாம் ஆகாயத்திலேயே பெட்ரோல் வாங்கிக்கொள்ளத் திட்டம். போர்ட்ஸ்மத் வானில் வாங்கினார், மால்டா வானில் வாங்கினார். பெட்ரோல் குழாய், இரண்டு விமானம், காற்று, கணக்கு எல்லாம் ஒத்துழைத்தன. ஒரு சின்ன ஊசி கழன்று விழுந்து, என்ஜினுக்கு வேகம் கொடுக்கும் கம்பி செயலிழந்தது. மால்டாவிலேயே வயிற்றைத் தேய்த்து இறங்கினார். அச்சாணி இல்லாத தேரைப் பற்றி நம்மிடம் கேட்டிருக்கலாம். இதில் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. போர்ட்ஸ்மத்தில் அவருக்குப் பெட்ரோல் ஊட்டிய விமானம் அன்றைக்கே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. காபத்தின் பெயர் நிலைத்தது. ஊட்டியவர்களின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

காபத்தின் கம்பெனி 1949-ல் கண்டுபிடித்த முறைதான் இன்றைக்கு நம் விமானப்படையிலும் இருக்கிறது. அதை விளக்கப் படம் வரையத் தேவையில்லை, ஒகேனக்கல் போனால் போதும். நீங்கள் பரிசலில் பாறைகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கும்போது இன்னொரு பரிசல் தானாகப் பக்கத்தில் வரும். அதில் சிப்ஸ் பாக்கெட், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் தொங்கும்.

“அண்ணா, பாப்பாவுக்கு ஒரு மாம்பழ ஜூஸ் குடுக்கட்டுங்களா?”

இரண்டு பரிசலும் ஓடுகிற தண்ணியில்தான் இருக்கின்றன. ஒன்று நின்றால் கதை கெட்டது. ஆகவே இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே பக்கமாகப் போக வேண்டும். கடைக்காரர் உங்கள் பரிசலின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். மறு கையில் ஜூஸ் வரும், காசு போகும். பிடியை விடுவார், விலகுவார். ஆகாயத்தில் நடப்பது அச்சு அசலாக இதுவே. டேங்கர் விமானம் பின்பக்கம் ஒரு நீளக் குழாயை விடும். குழாயின் நுனியில் பரிசலைச் சுருக்கிச் செய்தது போல ஒரு கூடை. போர் விமானத்தின் மூக்குப் பக்கம் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். கூடைக்குள் குச்சியைச் சொருக வேண்டும். சொருகியதும் உள்ளே கொக்கி பிடித்துக்கொள்ளும், டேங்கரில் பச்சை விளக்கு எரியும், எரிபொருள் பாயும்.

கேட்கச் சுலபம். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டரில் இரண்டு விமானமும் போய்க்கொண்டிருக்கும். போர் விமானம் நெருங்க நெருங்க, அதன் மூக்கு தள்ளுகிற காற்று கூடையை ஒதுக்கிவிடும். பிடிக்கப்போனால் நழுவுகிற கன்றுக்குட்டி மாதிரி. பாய்ந்தால் குழாய் சாட்டையாகச் சுழன்று குச்சியை முறித்துவிடும். தயங்கினால் கொக்கி மாட்டாது. டேங்கரைவிட ஓர் ஆள் நடக்கிற வேகம் மட்டும் கூடுதலாக வைத்து மெதுவாக நுழைய வேண்டும். புதிய விமானிக்கு ஆசிரியர் சொல்கிற முதல் புத்திமதி, கூடையைப் பார்க்காதே என்பதுதான். டேங்கரையே பார், கூடை தானாக வரும். கல்யாண வீட்டில் இலையை முறைத்துக்கொண்டிருந்தால் சாம்பார் வராது, பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்தால்தான் வரும் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பதினொரு பேர் ஊட்டிய ஒருவன்

இந்த வித்தையின் உச்சமும் கேலிக்கூத்தும் ஒரே ராத்திரியில் நடந்தது. 1982, பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து யுத்தம். பிரிட்டனின் வல்கன் குண்டு விமானம் அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பி, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய், ஸ்டான்லி ஊர் ரன்வேயில் குண்டு போட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவு எரிபொருள் அதற்குக் கொள்ளாது. ஆகவே விக்டர் டேங்கர்கள் கூடப் போயின. அந்த டேங்கர்களுக்கும் எரிபொருள் தீருமே? அவற்றுக்கு ஊட்ட வேறு டேங்கர்கள். அவற்றுக்கும் ஊட்ட வேறு. இப்படி ஒரு வல்கனை வழியனுப்ப 11 விக்டர். மாப்பிள்ளை ஒருவர், சீர்வரிசை பதினொரு வண்டி.

வல்கன் போட்டது 21 குண்டு. ரன்வேயில் விழுந்தது ஒன்று.

அந்த ராத்திரியின் உண்மையான நாயகன் குண்டு போட்டவர் அல்ல என்பேன். கடைசியாக ஊட்டிய விக்டரை ஓட்டியவர் பாப் டக்ஸ்ஃபோர்ட். கணக்கெல்லாம் தப்பிப்போய், வல்கனுக்குக் கொடுத்தால் தனக்குத் திரும்ப எரிபொருள் இல்லை என்ற நிலை. கொடுத்தார். குண்டு விழுகிறவரை ரேடியோவில் வாய் திறந்து உதவியும் கேட்க முடியாது. கீழே தென் அட்லாண்டிக் கடல். வாயை மூடிக்கொண்டு பறந்தார். வேலை முடிந்த சேதி வந்த பிறகுதான் இன்னொரு டேங்கரைக் கூப்பிட்டு வாங்கிக் குடித்து வீடு வந்தார். நெல்லிக்கனியைக் கையில் வைத்து அதியமான் என்ன நினைத்திருப்பான் என்று உலகத்தில் ஒருவரிடம் கேட்கலாம் என்றால், அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கடலில் வேகாதது

இப்போது பருப்பு. 1987 மே கடைசியில் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் விடுதலைப் புலிகள் மீது பெரிய தாக்குதலைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து மக்கள் குண்டுக்கும் பட்டினிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாடு கொதித்தது. தில்லி ஏதாவது செய்தாக வேண்டும். ஜூன் 3-ம் தேதி ராமேசுவரத்திலிருந்து செஞ்சிலுவைக் கொடி கட்டிய சுமார் இருபது படகுகள் அரிசி, பருப்பு, மருந்து ஏற்றிக் கிளம்பின. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்தது. மணிக்கணக்கில் வாக்குவாதம். படகுகள் திரும்பி வந்தன. கடலில் நம் பருப்பு வேகவில்லை.

மறுநாளே வேறு அடுப்பு. ஜூன் 4 பிற்பகல், தில்லியில் இலங்கைத் தூதர் பெர்னார்ட் திலகரத்னவை வெளியுறவு இணையமைச்சர் நட்வர் சிங் அழைத்தார். மணி மூன்று. நாலு மணிக்கு எங்கள் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் நிவாரணம் போடப்போகின்றன, தடுத்தால் திருப்பி அடிப்போம் என்று தெரிவித்தார். விருந்துக்கு வருவதை ஒரு மணி நேரம் முன்னால் சொல்கிற உறவினரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வந்து சாப்பாட்டையும் நானே போடுவேன், வாசலில் நின்றால் அடிப்பேன் என்று சொன்ன உறவினர் வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான்.

அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் பூமாலை. ஐந்து ஏ.என்.-32 விமானங்கள். நம் நாட்டு வெயிலுக்கும் மலைக்கும் ஏற்றபடி சோவியத் யூனியன் செய்து கொடுத்த சரக்கு விமானம் அது. புழுதியும் கல்லும் உள்ளே போகாமலிருக்க என்ஜினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். சேற்றில் நடக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுவது போல. பின்பக்கம் கதவு திறந்தால் மூட்டைகள் உருண்டு வெளியேறும், பாராசூட் விரியும். காவலுக்கு, வாங்கி இரண்டே வருஷமான மிராஜ் 2000 போர் விமானங்கள். பருப்பு மூட்டைக்குத் துணைமாப்பிள்ளை! சரக்கு விமானங்களுக்குள்ளே 35 பத்திரிகையாளர்கள் வேறு. அதியமான் யோசிக்காமல் செய்ததைப் பிரதமர் ராஜீவ் காந்தி யோசித்துச் செய்தார். கவிஞர்களைக் கையோடு கூட்டிப்போய்விட்டார்.

போட்டது 25 டன். கணக்குப் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்து லட்சம் பேர் என்று குறைத்து வைத்தாலும் ஆளுக்கு 50 கிராம். ஒரு கைப்பிடி. பசிக்கு அது காணாது. கொழும்பின் காதுக்குத் தாராளம். வானத்திலிருந்து பருப்பு போட முடிந்தவர்களால் வேறு எதையும் போட முடியும் என்று இலங்கை அதிபர் ஜெயவர்தனவுக்கு விளங்கியது. இலங்கைக்காரர்கள் பூமாலை என்ற பெயரைச் சட்டை செய்யவில்லை. இன்றுவரை அவர்கள் அதைக் கிண்டலாகச் சொல்கிற பெயர், பருப்பு டிராப்.

கடலில் வேகாத பருப்பு வானத்தில் வெந்தது என்று நாம் கைதட்டினோம். வெந்ததை யார் சாப்பிட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. ஜூலை 29-ல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார். அதே நாட்களில் அதே சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலியில் போய் இறங்கின. இந்த முறை கதவு திறந்தபோது வெளியே வந்தது இந்திய அமைதிப்படை. அக்டோபரில் அதற்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் திரும்பும்போது, ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் செத்த சனங்களுக்கு ஒழுங்கான கணக்குக்கூட இல்லை. ஜூனில் அண்ணாந்து பார்த்துக் கையெடுத்த அதே மக்கள், அக்டோபரில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். விமானத்தின் பேரில் தப்பில்லை. ஏற்றியதைத்தான் அது இறக்கும். பொதிமாடும் அப்படித்தான்.

டிரைவரோடு வாடகைக்கு

ஆகாயத்தில் ஊட்டுகிற சொந்த டேங்கர் நமக்கு 2003-ல்தான் வந்தது. இல்யூஷின்-78, ஆறு விமானம், இருப்பிடம் ஆக்ரா. ஒரே நேரத்தில் மூன்று குழாய் விடும். மூன்று பிள்ளைக்கு ஊட்டுகிற தாய். வந்த கொஞ்ச காலத்திலேயே வயசான தாய்க்குரிய எல்லா வலியும் வந்தது. பறக்கத் தயாராக இருக்கும் நாட்கள் ரொம்பக் குறைவு என்று தணிக்கைத் துறைத் தலைவர் 2017-ல் அறிக்கையே கொடுத்தார். புதிதாக ஆறு வாங்க இரண்டு தடவை டெண்டர் விட்டார்கள், இரண்டு தடவையும் ஐரோப்பிய ஏர்பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள், இரண்டு தடவையும் விலை கட்டுப்படியாகாமல் ரத்து செய்தார்கள். பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்ற அதே நடைமுறை.

போர் விமானம் வாங்குவதில் இந்தத் தயக்கம் இல்லை. 2020 ஜூலையில் முதல் ஐந்து ரஃபேல் பிரான்சிலிருந்து அம்பாலாவுக்கு வந்தபோது தொலைக்காட்சிகள் நாள் முழுக்கத் தீபாராதனை காட்டின. வழியில் அவற்றுக்கு ஆகாயத்தில் பாலூட்டி அழைத்துவந்தது பிரெஞ்சு டேங்கர். அதற்கு ஒரு கற்பூரம்கூட யாரும் ஏற்றவில்லை. 2025 மார்ச்சில் நம் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்திடம் கே.சி.-135 டேங்கர் ஒன்றை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டது. விமானத்தோடு ஓட்டுகிறவர்களும் அவர்களே. எங்கள் ஊரில் ஜேசிபி எடுப்பது போலத்தான்: வண்டி அவர்களுடையது, டிரைவர் அவர்களுடையவர், பள்ளம் மட்டும் நம்முடையது.

வேலுக்கு மயிற்பீலி கட்டக் காசிருக்கிறது, அடுப்புக்குத்தான் இல்லை. தொண்டைமான் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான். இந்த வரலாறு முழுவதிலும், சோறு போட்டதற்காகவே பாட்டில் நிலைத்த ராஜா எங்கள் ஊர்க்காரன் ஒருவன்தான். அதுவும் சாப்பிட்டவர் ஔவையாராக இருந்ததால்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். விமானப்படைக்கு டேங்கர் வாங்கித் தரும் சக்தி நமக்கில்லை. அடுத்த தடவை ஒகேனக்கல் வந்தால், பாறைகளுக்கு நடுவே ஒரு பரிசல் உங்களை நோக்கி வரும். கடைக்காரர் உங்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜூஸை நீட்டுவார். கரையில் விற்கிற விலையைச் சொல்லி அவரிடம் பேரம் பேசாதீர்கள்.